பரணில் கிடப்பது யாருடைய பொருள்?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2001-க்கும் 2005-க்கும் இடையே 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் ஓர் ஆய்வுக் குழு போய்வந்துகொண்டிருந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர்களும் உளவியலாளர்களும் தொல்லியலாளர்களும் அதில் இருந்தார்கள். அகழாய்வுக் குழியில் கிடைப்பதை எண்ணிப் பதிவு செய்யும் தொல்லியலாளர் ஜீன் அர்னால்ட், இங்கே ஆட்கள் குடியிருக்கும் வீட்டின் சாமான்களை எண்ண வைத்தார். முதலில் எண்ணிய வீட்டில் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம் ஆகிய மூன்று அறைகளில் மட்டும் 2,260 பொருள்கள். அதுவும் வெளியே கண்ணுக்குத் தெரிந்தவைதான். அலமாரிக்குள்ளும் இழுப்பறைக்குள்ளும் இருந்தவை கணக்கில் வரவில்லை. நான்கில் மூன்று வீடுகளில் கார் கொட்டகைக்குள் கார் நுழைய இடமில்லை.

எண்ணிக்கையைவிட முக்கியமான செய்தி அதே ஆய்வின் இன்னொரு கிளையிலிருந்து 2010-இல் வந்தது. டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இரு உளவியலாளர்கள், வேலைக்குப் போகும் 30 தம்பதிகளிடம் வீடியோ கேமராவைக் கொடுத்து, வீட்டைச் சுற்றிக் காட்டியபடியே பேசச் சொன்னார்கள். கணவனும் மனைவியும் தனித்தனியாகப் பேசினார்கள். பேச்சில் "குவிந்து கிடக்கிறது", "இந்த வேலை இன்னும் முடியவில்லை" என்ற வகைச் சொற்கள் எத்தனை, "அமைதியான இடம்", "தோட்டம்" என்ற வகைச் சொற்கள் எத்தனை என்று பிரித்தார்கள். மூன்று நாள் அவர்களின் உமிழ்நீரை எடுத்து கார்ட்டிசால் அளவையும் பார்த்தார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய இந்த ஹார்மோன் காலையில் ஏறி, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். வீட்டைப் பற்றிப் பாரமான சொற்களால் பேசிய மனைவியருக்கு அது சரியாக இறங்கவில்லை. பொழுது போகப் போக அவர்கள் மனநிலையும் சோர்ந்தது. தாம்பத்திய திருப்தி, இயல்பிலேயே கவலைப்படும் குணம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் இந்தத் தொடர்பு நீடித்தது. கணவர்களிடம் இதே அளவுக்கு அது தெரியவில்லை.

ஒரே வீடு, அதே குவியல், ஆனால் இரண்டு உடம்புகளில் இரண்டு விளைவு. வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி உலகம் முழுக்க எழுதப்பட்டிருக்கும் புத்தகங்களை எடை போட இந்த ஒரு தகவலே நல்ல படிக்கல்.

ஆய்வைக் கொஞ்சம் உரசியும் பார்த்துவிட வேண்டும். முப்பது தம்பதிகள் என்பது சிறிய எண்ணிக்கை. தொடர்பு இருக்கிறது என்பதால் காரணமும் அதுதான் என்று ஆகிவிடாது. ஏற்கெனவே களைத்துப்போனவருக்கு வீடு அதிகம் கலைந்ததாகத் தெரியலாம், எடுத்து வைக்கத் தெம்பில்லாமல் வீடு உண்மையாகவே கலையவும் செய்யலாம். வாரப் பத்திரிகைகள் அடிக்கடி எடுத்துப்போடும் இன்னொரு ஆய்வு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்கள் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டால் மூளையின் பார்வைப் பகுதியில் அவை ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்று ஸ்டெஃபனி மெக்மெய்ன்ஸும் சபீன் காஸ்ட்னரும் 2011-இல் எழுதினார்கள். அது திரையில் உருவங்களைக் காட்டிச் செய்த சோதனை. அதில் சமையலறையும் இல்லை, மடிக்காத துணியும் இல்லை. "அலங்கோலமான வீடு மூளையைக் குழப்புகிறது என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று அதை வைத்துச் சொல்வது நீட்டி முழக்குவது. மறுபக்கத்தில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்லீன் வோஸ் 2013-இல் செய்த சோதனையில், ஒழுங்கான அறையில் இருந்தவர்கள் சாக்லேட்டை விட்டு ஆப்பிளை எடுத்தார்கள், நன்கொடையும் கூடுதலாகக் கொடுத்தார்கள். கலைந்த அறையில் இருந்தவர்களுக்குப் புதிய யோசனைகள் அதிகம் வந்தன. மேஜையைச் சுத்தம் செய்யாத எழுத்தாளர்கள் இந்த இரண்டாம் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 37 விழுக்காடு குடும்பங்கள் ஒரே அறையில் வாழ்ந்தன. இன்னும் 32 விழுக்காட்டுக்கு இரண்டு அறை. லாஸ் ஏஞ்சலிஸ் வீடுகளுக்கு எழுதிய அறிவுரை, படுக்கையும் படிப்பும் பூஜையும் ஒரே கூடத்தில் நடக்கும் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. இங்கே ஒரு அட்டைப் பெட்டி கூடுதலாக வந்தாலே ஒருவர் கால் நீட்டிப் படுக்கும் இடம் போய்விடும். வேலைப் பங்கீட்டிலோ நாம் அவர்களைவிடப் பின்தங்கியிருக்கிறோம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களின் சுமையில் பத்து நிமிடம் குறைந்தபோது ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள்!

தமிழ்நாட்டு நடுத்தர வீட்டின் லாஃப்டில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் என்ன இருக்கும்? வருஷத்துக்கு ஒருமுறை இறங்கும் கொலு பொம்மைப் பெட்டி. பிள்ளைகள் வளர்ந்த பிறகும் கழற்றிப் போட்டிருக்கும் தொட்டில் கம்பி, நடைவண்டி. டிவி வந்த அட்டைப் பெட்டியும் அதன் தெர்மாகோலும், வீடு மாறும்போது வேண்டுமே என்று. சக்கரம் போன சூட்கேஸ், அதற்குள் இன்னொரு சூட்கேஸ். சீராக வந்த பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தூக்குவாளி. பல வீடுகளில் அரசு கொடுத்த பொருள்களும் சேர்ந்துகொள்ளும். 2006 தேர்தலுக்குப் பின் வந்த இலவச கலர் டிவி, 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. சொந்தமாக வாங்கிய மிக்ஸி ஓடிக்கொண்டிருக்க, அரசு மிக்ஸி உறை பிரிக்காமல் மகள் கல்யாணத்துக்கென்று காத்திருந்த வீடுகள் உண்டு.

இவற்றில் ஒன்றையும் பேராசையால் சேர்த்தது என்று சொல்ல முடியாது. வாங்கிக் குவிப்பதுதான் வீடு நிறையக் காரணம் என்பது மேலைநாட்டுப் புத்தகங்களின் அடிப்படை. ஆடித் தள்ளுபடிக்கு ரங்கநாதன் தெருவில் நெரியும் கூட்டத்தைப் பார்த்தால் அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் தமிழ் வீட்டின் சாமானில் பெரும்பகுதி உறவு வழியாக வந்தது. சீர், மொய், தாம்பூலப் பை, கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்கள், தீபாவளி இனிப்பு வந்த தகர டப்பா, ஜவுளிக்கடைக் கட்டைப்பை. எவர்சில்வர் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தால், கொடுத்தவர் பெயரும் திருமணத் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பெயர் வெட்டிய பாத்திரத்தை எடைக்குப் போடுவது லேசில்லை. கொடுத்தவர் அத்தையாக இருந்து, அடுத்த மாதம் வீட்டுக்கு வருவதாகவும் இருந்தால், அந்தக் கிண்ணம் கீழே இறங்கி மேஜை மேலேயே வந்துவிடும்.

பொருளைப் பிரிய மனம் வராததற்கு உளவியலில் ஒரு பெயர்பெற்ற சோதனை உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்டது. வகுப்பில் ஒரு பகுதி மாணவர்களுக்குக் காபிக் கோப்பை கொடுத்தார்கள். கோப்பை கைக்கு வந்தவர்கள் அதை விற்கச் சுமார் 7 டாலர் கேட்டார்கள்; கோப்பை கிடைக்காதவர்கள் வாங்கத் தர முன்வந்தது 3 டாலருக்கும் கீழே. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே இந்த மதிப்பு என்றால், முப்பது வருஷம் பரணில் இருந்த அண்டாவுக்கு என்ன மதிப்பு வைப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சோதனையில் கோப்பை ஒருவருக்கு மட்டும் சொந்தம். குடும்பத்தில் அப்படி இல்லை. அண்டா மாமியாரின் தாய்வீட்டுச் சீர். அதைத் துடைத்து வைப்பது மருமகள். ஏணி வைத்து இறக்க வேண்டியவர் மகன். "எங்கம்மா கொடுத்தது, அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்று ஒருவர் சொல்ல, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று இன்னொருவர் முடித்து வைக்க, தூசி மட்டும் மூன்றாமவர் கணக்கில் வருகிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் மனைவியரின் கார்ட்டிசால் ஏன் இறங்கவில்லை என்பதற்கு இங்கிருந்து ஒரு விளக்கம் கிடைக்கிறது. பராமரிக்கும் கடமை ஒருவரிடமும், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் வேறொருவரிடமும் அல்லது யாரிடமும் இல்லாமலும் இருக்கும்போது, பார்க்கிற ஒவ்வொரு பொருளும் முடிக்க முடியாத வேலையாக நிற்கிறது.

நம் வீடுகளிலேயே இதற்குச் சான்று உண்டு. பெரும்பாலான தமிழ் வீடுகளில் மிக ஒழுங்கான இடம் சமையலறை. கரண்ட் போனாலும் கடுகு எந்த டப்பா, சீரகம் எந்தக் கிண்ணம் என்று கை தானாகப் போகும். அத்தனை சிறிய இடத்தில் அத்தனை பொருள், இருந்தும் குழப்பமில்லை. காரணம் அங்கே முடிவெடுப்பவர் ஒருவர்தான். அதே வீட்டின் கூடத்தைப் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜ் தலையில் மாத்திரை அட்டை, கரண்ட் பில், வண்டிச் சாவி, கோயில் விபூதிப் பொட்டலம், ரப்பர் பேண்ட், உயிர் போன பேட்டரி. சோபாவில் காய்ந்த துணி மலை. எல்லோரும் வைக்கும் இடம், எடுக்கும் பொறுப்பு யாருக்கும் சொல்லப்படாத இடம். மன அழுத்தம் பிறப்பது சாமானின் எண்ணிக்கையில்தான் என்றால் சமையலறைதான் முதலில் மூச்சுத் திணறியிருக்க வேண்டும்.

செட்டிநாட்டார் இந்தச் சிக்கலை ஒரு காலத்தில் கட்டடத்திலேயே தீர்த்து வைத்திருந்தார்கள். நடு வளவு எனும் முற்றத்தைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை; மருமகள் கொண்டுவந்த சாமான் அந்த அறைக்குள் போகும், சாவி அந்தக் குடும்பத்திடம் இருக்கும். பெரிய வீடு, ஏராளமான பொருள், ஆனால் எது யாருடையது என்பதில் ஐயமில்லை. பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் போய், பங்குதாரர்கள் பெருகி, வீட்டை யார் பார்ப்பது என்று தெரியாமல் போனபோதுதான் அந்தப் பொருள்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு இறங்கின. பீங்கான் ஜாடி, எனாமல் டிபன் கேரியர், மரச் சிற்பம் என்று இன்றும் அங்கே வாங்கலாம்.

வீட்டை ஒழிக்க இப்போது புழக்கத்திலிருக்கும் முறைகளைப் பார்க்கலாம். ஜப்பானின் மாரி கோண்டோவைத் தெரியாதவர் குறைவு. அவருடைய புத்தகம் 2014-இல் ஆங்கிலத்தில் வந்தது, 2019 ஜனவரி முதல் தேதி நெட்ஃபிளிக்ஸ் தொடர் தொடங்கியது. அறை அறையாக ஒழிக்காதீர்கள், வகை வகையாக ஒழியுங்கள் என்பது அவர் முறை: துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், எல்லாவற்றுக்கும் கடைசியாக நினைவுப் பொருள். வீட்டிலுள்ள துணி முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டிப் பார்த்தால்தான் எத்தனை நைட்டி, எத்தனை டி-ஷர்ட் என்று தெரியும் என்பது உண்மை. நினைவுப் பொருளைக் கடைசிக்குத் தள்ளுவது அனுபவ ஞானம். ஆல்பத்தைத் திறந்தவர் அன்று வேறு வேலை பார்ப்பதில்லை. கையில் எடுத்தால் மகிழ்ச்சி துள்ளுகிறதா என்ற அவருடைய தேர்வுதான் நம் வீட்டில் எடுபடாது. குக்கர் கேஸ்கட்டைக் கையில் எடுத்து யாருக்கும் மனம் துள்ளாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது இல்லாமல் போனால்தான் அருமை தெரியும். கோண்டோ சொன்னதில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு: அடுத்தவர் பொருளை அவருக்குத் தெரியாமல் தூக்கிப் போடக் கூடாது, முதலில் உங்களுடையதை ஒழியுங்கள் என்பது. குடும்பத்துக்கு உதவுகிற பகுதி அதுதான். மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை முன்போல வைத்திருப்பதை ஏறத்தாழ விட்டுவிட்டதாக அவரே 2023-இல் சொன்னார். பலர் கேலி செய்தார்கள். பிள்ளை வளர்த்தவர்களுக்கு அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

ஸ்வீடனின் மார்கரெட்டா மாக்னுசன் 2017-இல் எழுதியது வேறு தினுசு. இறந்த பிறகு பிள்ளைகள் தலையில் விழாதபடி, உயிரோடு இருக்கும்போதே தன் பொருளைத் தானே பிரித்துக் கொடுத்துவிடுவது. நம் ஊரில் "இப்ப எதுக்கு இந்தப் பேச்சு" என்று வாயை மூடிவிடுவார்கள். ஆனால் பெயரை மாற்றிச் செய்தால் இது நமக்கு அந்நியமில்லை. பேத்திக்குக் கொலு பொம்மையை எடுத்துக் கொடுத்து, எந்தச் செட்டை எந்தப் படியில் வைப்பது என்று சொல்லித்தரும் பாட்டிகள் இதைத்தான் செய்கிறார்கள். பட்டுப்புடவைகளை யார் யாருக்கு என்று அம்மா உயிரோடு இருக்கும்போது சொல்லிவிட்ட வீட்டில், பதினாறாம் நாள் முடிந்த பிறகு அலமாரி முன் நின்று அக்கா தங்கைகள் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

அடுக்குப் பெட்டி வாங்கி ஒழுங்குபடுத்துவதை மட்டும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒரு டஜன் வந்து இறங்கினால், பொருள் குறையாமல் டப்பா கூடுகிறது. பழைய புடவைக்குப் பாத்திரம் கொடுப்பவரிடம் ஐந்து புடவை போட்டு ஒரு பேசின் வாங்குவதும் அந்த ரகம்தான். வீட்டில் ஏற்கெனவே நான்கு பேசின் இருக்கும்.

காகிதம் தனிக் கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூர்ப் பக்கத்திலும் தரைத்தளத்து பீரோக்களில் இருந்த மதிப்பெண் சான்றிதழ், ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் கூழாகிப் போயின. இழந்தவர்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஜூலையில்தான் மத்திய அரசின் டிஜிலாக்கர் தொடங்கியிருந்தது. ஓட்டுநர் உரிமம், ஆதார், வண்டிப் பதிவுச் சான்று போன்றவற்றை வழங்கிய துறையிடமிருந்தே அதில் பெற்று வைத்தால் அசலுக்கு இணையாகச் செல்லும். வீட்டுப் பத்திரத்தின் அசல், மதிப்பெண் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவை ஒரே நீர்புகாப் பையில், ஒரே இடத்தில், வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்து இருக்க வேண்டும். எட்டு வருஷத்துக்கு முந்தைய கேஸ் ரசீதும், செத்துப்போன ஃபிரிட்ஜின் உத்தரவாத அட்டையும் அந்தப் பையில் இருக்க வேண்டியதில்லை. மருத்துவமனை ஃபைல்களை மட்டும் அவசரப்பட்டு எறிய வேண்டாம். பழைய ஸ்கேன் அறிக்கையை டாக்டர் ஒருநாள் கேட்பார்.

ஒழித்த பொருள் எங்கே போகிறது என்ற கேள்வியைப் பெரும்பாலான வழிகாட்டிகள் வாசலோடு விட்டுவிடுகின்றன. நம் மரபில் இதற்கென்றே போகி இருக்கிறது. கிழிந்த பாயும் பழைய துடைப்பமும் எரிந்த காலத்தில் அது சரி. டயரும் நைலான் துணியும் பிளாஸ்டிக்கும் எரியத் தொடங்கிய பிறகு கதை மாறிவிட்டது. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து கவிந்ததில் சென்னைக்கு வர வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் வேண்டுகோள் விடுக்கிறது. எரிக்காதவர்கள் மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அங்கே பழைய டயர், உடைந்த தொட்டி, பெயின்ட் வாளி ஆகியவற்றில் தேங்கும் மழைநீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், பத்து நாளுக்குள் பறக்கும் கொசு தயார். வயதானவர்கள் நடக்கும் வழியில் கிடக்கும் சாமானோ இன்னும் நேரடியான ஆபத்து. உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதிகம் பாதிக்கப்படுவோர் அறுபதைத் தாண்டியவர்கள்.

கொடுக்க இடம் இல்லாமல் இல்லை. காகிதமும் இரும்பும் பழைய பேப்பர்காரருக்கும் காயலாங்கடைக்கும் போகும். உடுத்தும் நிலையிலுள்ள துணிக்கு, 2017-இல் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் திறந்த அன்புச் சுவர் போன்ற ஏற்பாடுகள் உண்டு. வேண்டாதவர் வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு துணிகளை வாங்கித் தரம் பிரித்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோகிறது. அவருக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. கிழிந்ததைத் துவைக்காமல் கட்டிக் கொடுத்துவிட்டு தருமம் செய்ததாக நினைத்துக்கொள்வது மட்டும் கூடாது. பழைய செல்போன், சார்ஜர், மிக்ஸி மோட்டார் எல்லாம் மின்னணுக் கழிவு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் அவற்றை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன.

இதையெல்லாம் மீறிய குவியலும் உண்டு. கட்டிலில் படுக்க இடமில்லை, அடுப்பை நெருங்க வழியில்லை, ஒரு பழைய கவரை எடுத்தாலும் அழுகை என்றால் அது சோம்பலும் கஞ்சத்தனமும் அல்ல. பதுக்கிச் சேர்க்கும் இந்தக் கோளாறை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் தனி நோயாக வகைப்படுத்தியது. நூறில் இரண்டு, மூன்று பேருக்கு இது இருக்கலாம். வயது கூடக் கூட அதிகம் தெரியவரும். அவர் வெளியூர் போயிருக்கும்போது வீட்டைக் காலி செய்வது காயத்தைத்தான் கிளறும். பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. முதல் ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மற்ற வீடுகளுக்கு மருந்து எளிது, நிறைவேற்றுவதுதான் கடினம். இந்த மார்கழியில் பரணை ஒழிக்கத் திட்டமிடுபவர்கள், ஏணியை எடுக்கும் முன் வீட்டிலுள்ள எல்லோரும் கால் மணி நேரம் உட்கார்ந்து, எந்த மூலைக்கு யார் பொறுப்பு, அங்கே கிடப்பதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அண்டாவைப் பற்றி மாமியாரிடமே கேளுங்கள். பல நேரம் அவருக்கே அது வேண்டியிருக்காது, யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளின் பழைய நோட்டைப் பிள்ளைகளே பிரிக்கட்டும். வீட்டுக்காரர்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு நிறுத்தாமல், பன்னிரண்டு வருஷமாகப் பிரிக்கப்படாத அந்தக் கம்ப்யூட்டர் வயர் பெட்டியையும் கீழே இறக்குங்கள்.